சொற்களஞ்சியம் கண்ட சிதம்பரநாதனார்

தோற்றுவாய்

வங்கக் கடலின் கரையில், கெடில ஆறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்துத் தேவனாம்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. அது கடலூரின் ஒரு பகுதியாகும். 1690ஆம் ஆண்டில் ஆங்கில வணிகக் கும்பினியார் அவ்வூர்க் கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். கோட்டையினின்று சுடப்பெறும் பீரங்கிக் குண்டு எத்துணைத் தொலைவு சென்று விழுமோ, அத்துணை நிலமும் வாங்கியவர்க்கு உரியது என்பது அக்கால உடன்பாடு. குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட சிற்றூர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிடப்பெற்ற அக்கோட்டையே 1746 முதல் 1752 வரை தென்னாட்டில் ஆங்கிலேயர்க்குத் தலைமையிடமாய் விளங்கிற்று.

நிலத்தைக் குண்டு அளந்துவிட்டது. ஆனால் வாணிகம் நிலத்தால் மட்டும் நடைபெறுவதன்று, சொல்லால் நடைபெறுவது. ஆடை நெய்து கொடுக்கும் தமிழர் ஆங்கிலம் அறியார். அதனைக் கொள்ளும் ஆங்கிலேயர் தமிழ் அறியார். இவ்விரு திறத்தார்க்கும் இடையே நின்று பேசியவர் துபாசி ஆவார். துபாசி என்னும் சொல்லுக்கு இருமொழி அறிந்தவர் என்பது பொருள். துபாசி கூறியதே விலை. அவர் உரைத்ததே உடன்பாடு. அவர் நேர்மையாளராயின் இரு திறத்தாரும் நலம் பெற்றனர். அவர் ஒரு சொல்லைத் திரித்துக் கூறினும், அறியாது பிழைபடக் கூறினும், அதனால் வரும் இழப்பை மொழியறியா மக்களே சுமந்தனர். பிறர் மொழியை அறியாதவன் பிறர் கையை எதிர்நோக்கி வாழ வேண்டியவனாகிறான் என்னும் உண்மையை அக்காலம் நன்கு உணர்த்திற்று.

பின்னர் ஆங்கிலம் ஆட்சிமொழியாயிற்று. நீதிமன்றமும் கல்லூரியும் அம்மொழியிலேயே இயங்கின. செல்வர் வீட்டுப் பிள்ளைகட்கு ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர் இருந்தனர். சிற்றூரிலிருந்து வந்த ஏழை மாணவனுக்குத் துபாசியாவார் யார்? அவன் கையில் இருந்து, கேட்ட போதெல்லாம் சலியாது பொருள் கூறும் நல்ல துபாசி ஒன்று வேண்டும். அதுவே அகராதி. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் கூறும் பேரகராதி ஒன்றனைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் தலைமைப் பதிப்பாசிரியராய் இருந்து ஆக்கித் தந்த பெரியார் டாக்டர் அ. சிதம்பரநாதச் செட்டியார் ஆவார்.

பிறப்பும் பேராசிரியப் பணியும்

சிதம்பரநாதனார் 1907ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் தோன்றினார். காவிரி பாயும் குடந்தையில் பிறந்த அவருக்குத் தில்லைக் கூத்தனின் திருப்பெயர் வாய்த்தது. அப்பெயர்க்கேற்ப அவருடைய வாழ்வின் சிறந்த பகுதி சிதம்பரத்திலேயே அமைந்தது.

கடலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சிதம்பரம். அங்கு அண்ணாமலை செட்டியார் 1920ஆம் ஆண்டில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அக்கல்லூரி முதலாய கல்வி நிலையங்களை உள்ளடக்கி 1929ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மலர்ந்தது. தமிழ் கற்கவும் கற்பிக்கவும் புலவர் பலர் அங்குக் கூடினர். அத்தகைய இடத்தில் சிதம்பரநாதனார் ஆசிரியராய் அமர்ந்து, பின்னர்த் தமிழ்ப் பேராசிரியராய் உயர்ந்தார்.

அந்நாளில் தமிழறிஞர் இரு வேறு குழுவினராய் இருந்தனர். இலக்கண இலக்கியங்களைப் பழைய முறைப்படி பாடங்கேட்டுத் தேர்ந்தவர் ஒரு சாரார். ஆங்கிலக் கல்வி பெற்று ஆராய்ச்சி முறையில் தமிழை நோக்கியவர் மற்றொரு சாரார். முன்னவர் கூறுவது பின்னவர்க்குப் பழமையாகத் தோன்றிற்று. பின்னவர் கூறுவது முன்னவர்க்குப் புதுமையாகத் தோன்றிற்று. சிதம்பரநாதனார் இரு துறையிலும் கால் ஊன்றி நின்றார். யாப்பிலக்கணம் பழந்தமிழ்ப் புலமையின் உயிர்நிலையான பகுதி. அதனையே அவர் தம் ஆராய்ச்சிக்குப் பொருளாகக் கொண்டார். ஆனால் ஆராய்ச்சியை ஆங்கிலத்தில் எழுதினார். பத்தாம் நூற்றாண்டு வரையில் தமிழ் யாப்பு வளர்ந்த வரலாற்றைக் கூறும் அந்நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943ஆம் ஆண்டில் வெளியிட்டது.

இப்பணியின் அருமையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். அசை, சீர், தளை, தொடை என்னும் சொற்கள் தமிழ் மாணவனுக்குப் பழகிய சொற்கள். இவற்றை ஆங்கிலம் மட்டும் அறிந்த ஒருவர்க்கு எங்ஙனம் விளக்குவது? ஆங்கில யாப்பிலும் சீர் போன்ற ஓர் உறுப்பு உண்டு. ஆயினும் அது சொல்லின் அழுத்தத்தை அடியாகக் கொண்டது. தமிழ்ச் சீரோ எழுத்தின் குறில் நெடில் அளவை அடியாகக் கொண்டது. பெயரளவில் ஒத்திருப்பது கொண்டு இரண்டும் ஒன்றென மயங்குதல் கூடாது. ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்ச்சொல் இருப்பது போலத் தோன்றும் இடத்திலேயே வழுக்கல் மிகுதி என்பதை, தமிழை ஆங்கிலத்திற்குக் கொண்டு சென்ற அக்காலத்திலேயே சிதம்பரநாதனார் பழகிக்கொண்டார். பின்னாளில் ஆங்கிலத்தைத் தமிழுக்குக் கொண்டுவர நேர்ந்தபோது அப்பயிற்சி அவருக்குப் பெருந்துணையாயிற்று.

பழைய யாப்பில் ஆழ்ந்த அவர் புதிய இலக்கியத்தைப் புறக்கணித்தாரல்லர். சாகித்திய அகாதெமிக்காகத் தமிழ்ச் சிறுகதைகளைத் தேர்ந்து தொகுத்துத் தந்தார். நாள்தோறும் வீட்டிலும் வீதியிலும் மக்கள் பேசும் தொடர்கள் சிறுகதையிலேதான் உயிரோடு உலவுகின்றன. அகராதி செய்வார்க்குப் புலவர் வழக்கும் வேண்டும். மக்கள் வழக்கும் வேண்டும். அவ்விரண்டும் அவரிடத்தில் அமைந்திருந்தன.

மரபுத்தொடரின் அருமை

வேற்றுமொழி கற்பவனுக்கு வரும் இடர்ப்பாடுகளுள் பெரியது எது? அறியாத சொல்லன்று, அறிந்த சொற்கள் கூடி அறியாத பொருளைத் தருதலே ஆகும்.

ஆங்கிலத்தில் லுக் என்னும் சொல்லுக்குப் பார் என்று பொருள். ஆஃப்டர் என்பதற்குப் பின் என்று பொருள். இவ்விரண்டையும் அறிந்த மாணவன், லுக் ஆஃப்டர் என்னும் தொடரைக் கண்டால், பின்னால் திரும்பிப் பார்த்தல் என்றே கருதுவான். அதற்குப் பேணிக் காத்தல் என்பது பொருள். அதே லுக் என்னும் சொல், ஃபார் என்பதனோடு கூடினால் தேடுதல் என்றும், டவுன் அப்பான் என்பதனோடு கூடினால் இகழ்தல் என்றும் பொருள்படும். டர்ன் என்பது திரும்புதல்; டவுன் என்பது கீழ். விண்ணப்பம் ஒன்று டர்ன் டவுன் செய்யப்பட்டது என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வருமாயின், அது மறுக்கப்பட்டது என்று அறியாதவன் பயன்படாத நம்பிக்கையோடு நாள் பல காத்திருப்பான். ஒரு சிறு தொடரை அறியாமையால் ஒருவன் தன் காலத்தையும் பொருளையும் இழத்தல் கூடும்.

இஃது ஆங்கிலத்திற்கே உரிய குறையன்று. தமிழிலும் இத்தகைய தொடர்கள் மிகப் பல. கை என்பதையும் விடு என்பதையும் தனித்தனியே கற்ற வெளிநாட்டார், கைவிடுதல் என்பது துணையின்றித் துறத்தல் எனத் தாமே உணர்தல் இயலாது. கைகூடுதல், கைக்கொள்ளுதல், கைகழுவுதல் என்பனவும் அன்ன. ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான் என்றால், அவனுக்கு அடிபட்டதோ என்று அவர்கள் வினவினும் வியப்பில்லை. பூனையும் நாயுமாய் மழை பொழிகிறது என்று ஆங்கிலேயர் கூறுவதைக் கேட்டு நாம் நகைக்கிறோம். பேய்மழை பெய்கிறது என்று நாம் கூறும்போது, மழைக்கும் பேய்க்கும் என்ன உறவு என்று அவர்கள் நகையாமல் இருப்பரோ?

எப்பொருளை எச்சொல்லால் சான்றோர் வழங்கினரோ, அப்பொருளை அச்சொல்லால் வழங்குதலே மரபு என்பது நம் இலக்கண நூலார் துணிபு. மரபு ஒவ்வொரு மொழிக்கும் தனியே உரியது. ஆதலின், ஒரு மொழியின் மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்தல் தகாது. பொருளை முதலில் உணர்ந்து, அப்பொருளைத் தமிழர் எங்ஙனம் கூறுவர் என்று ஆராய்ந்து, அவ்வாறு கூறுதல் வேண்டும். இதற்கு அயல்மொழி அறிவு மட்டும் போதாது. தாய்மொழியில் ஆழ்ந்த புலமையும் வேண்டும். ஆங்கில அகராதிப் பணிக்குத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் தலைமை தாங்கியதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

அகராதிப் பணி

ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் அகராதி செய்யும் முயற்சி பழமையானது. செருமானிய நாட்டிலிருந்து வந்த பாதிரியார் பப்பிரிசியுசு 1779ஆம் ஆண்டில் தமிழ்ச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதியையும், 1786ஆம் ஆண்டில் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் கூறும் அகராதியையும் சென்னை வேப்பேரியில் அச்சிட்டு வெளியிட்டார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அதன்பின் அகராதிகள் பல தோன்றின. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. அது தமிழ்ச் சொல்லைத் தேடுவார்க்குப் பெருங்கடல். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுவார்க்கு அத்தகைய பெருநூல் இன்னும் வாய்க்கவில்லை.

இதற்கிடையில் நாடு விடுதலை பெற்றது. 1956ஆம் ஆண்டின் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. 1960ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் பட்டப் படிப்பைத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சி தொடங்கிற்று. அலுவலர் கோப்பைத் தமிழில் எழுத விழைந்தனர். ஆசிரியர் அறிவியலைத் தமிழில் கற்பிக்க விழைந்தனர். அவர்கள் கற்றிருந்ததோ ஆங்கிலத்தில். ஒவ்வொரு வரியிலும் ஓர் ஆங்கிலச் சொல் வழிமறித்து நின்றது. தமிழால் இயலாது என்பார் கூற்று மெய்யாகிவிடுமோ என்னும் அச்சம் பலர் உள்ளத்தில் இருந்தது. அவ்வச்சத்திற்கு வெறும் முழக்கத்தால் விடை கூறுதல் ஒண்ணாது. சொல் சொல்லாக உழைத்தே விடை கூறுதல் வேண்டும்.

அவ்வுழைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் மேற்கொண்டது. சிதம்பரநாதனார் தலைமைப் பதிப்பாசிரியரானார். பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார் முதலிய அறிஞர் அப்பணியில் உடன் உழைத்தனர்.

அகராதி செய்வார் ஒவ்வொரு சொல்லிலும் நாற்சந்தியில் நிற்கின்றனர். வழக்கில் உள்ள தமிழ்ச் சொல்லை எடுத்தாளுதல் முதல் வழி. இலக்கியத்தில் மறைந்து கிடக்கும் பழஞ்சொல்லை மீட்டுக் கொணர்தல் இரண்டாம் வழி. வானூர்தி, மிதிவண்டி என்பன போலப் புதுச்சொல் படைத்தல் மூன்றாம் வழி. அயற்சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப ஏற்றுக்கோடல் நான்காம் வழி. பழஞ்சொல்லே வேண்டும் எனப் பிடிவாதம் செய்தால் மாணவனுக்கு விளங்காது. அயற்சொல்லையே அள்ளிக் கொண்டால் தமிழ் தமிழாக இராது. எங்கு எவ்வழியில் செல்வது என்பதை அறிதலே புலமை. மேலும் ஒரே ஆங்கிலச் சொல் இசையில் ஒரு பொருளும், சட்டத்தில் ஒரு பொருளும், அறிவியலில் ஒரு பொருளும் பயக்கும். அவற்றைத் துறைவாரியாகப் பிரித்து நிரல்படக் காட்டினாலன்றிக் கற்பவன் மயங்குவான்.

ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம் என்னும் பெயரால் அப்பேரகராதி 1963 முதல் 1965 வரையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர் ஒரே நூலாகவும் அச்சிடப்பெற்றது. நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்து வைப்பவன் தன் பசிக்கு மட்டும் சேர்ப்பவனல்லன். வரும் ஆண்டின் விதைக்கும் சேர்ப்பவனாவான். சொற்களஞ்சியம் என்னும் பெயரும் அக்கருத்தைத் தன்பால் கொண்டுள்ளது.

நிறைவு

களஞ்சியம் நிறைந்த இரண்டாண்டில், 1967இல், சிதம்பரநாதனார் இயற்கை எய்தினார். அறுபதாண்டு வாழ்வின் இறுதிப் பகுதியை அவர் பிறருடைய ஐயங்களைக் களைவதற்கே செலவிட்டார். கவிஞன் பெயர் பாட்டோடு நினைக்கப்பெறும். அகராதி செய்தவன் பெயரை அகராதியைப் புரட்டுவோர் பெரும்பாலும் நினைப்பதில்லை. வேண்டிய சொல்லைக் கண்டதும் நூலை மூடிவிடுகின்றனர். பெயரை நாடாது பயனை நாடிய தொண்டு அது.

காலம் செல்லச் செல்ல மொழிகள் மாறுகின்றன. அவ்வகராதியில் ஆக்கப்பெற்ற சொற்களுள் வழக்கில் நிலைத்தனவும் உண்டு, நிலையாதனவும் உண்டு. அதன் காலத்தில் இல்லாத பொருள்களும் சொற்களும் பின்னர்ப் பெருகின. எனினும் அதன் பயன் அழிந்திலது. அச்சுநூலாய் இருந்த அச்சொற்களஞ்சியம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாக இணையத்திலும் கிடைக்கிறது. கடலூர்க் கோட்டை வாயிலில் துபாசியின் வாய்ச்சொல்லுக்காகக் காத்து நின்ற நிலை மாறி, கடைக்கோடிச் சிற்றூரில் இருக்கும் மாணவனும் தானே பொருளைத் தேடிக் கொள்ளும் காலம் வந்துள்ளது.

பிறமொழி கற்றல் தாய்மொழியை மறத்தற்கன்று. தாய்மொழியை வளம்படுத்தற்கே ஆகும். தாய்மொழியில் வேரூன்றியவனே பிறமொழியின் நுட்பத்தையும் உணர வல்லவன். மாணவர், அறியாத சொல்லையோ தொடரையோ காணுந்தோறும், ஊகித்துக்கொண்டு மேற்செல்லாது, அகராதியை எடுத்துப் பொருள் தெளிதல் வேண்டும். தெளிந்த பொருளைத் தம் தாய்மொழியில் தாமே சொல்லிப் பார்த்தலும் வேண்டும். அவ்வாறு செய்யும் ஒவ்வொரு முறையும், சிதம்பரநாதனார் தொடங்கி வைத்த பணியில் அவர்களும் ஒரு சிறு பங்கு கொள்கின்றனர்.