தியாகராயரின் ஓரணாக் கணக்கு

பட்டும் பொன்னும் வாங்கச் சென்னையின் தியாகராய நகருக்குச் சென்றுவரும் செட்டிநாட்டார் பலர், அப்பெயருக்குரிய சர் பிட்டி தியாகராய செட்டியாரை நம் பக்கத்து ஊர்க்காரர் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர் நகரத்தார் அல்லர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர். நெசவுத் தொழில் சார்ந்த குடும்பத்தில் 1852, ஏப்ரல் 27 அன்று பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற பிறகும் தறியை விட்டு விலகாதவர். ஏறத்தாழ நூறு கைத்தறிகள் கொண்ட நெசவுக்கூடத்தை நடத்திக்கொண்டு, பறக்கும் நாடா பொருத்திய தறியை நெசவாளரிடையே பரப்ப முயன்றவர். தென்னிந்திய வர்த்தக சபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். டாக்டர் டி.எம். நாயரோடும் சி. நடேச முதலியாரோடும் சேர்ந்து 1916-இல் நீதிக் கட்சியைத் தொடங்கியவர் என்ற அளவில் பாடநூல்கள் அவரை நினைவுகூர்கின்றன.

பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடும் இன்னொரு வாழ்க்கையும் அவருக்கு உண்டு. அது சென்னை மாநகராட்சி மன்றத்தில் நாற்பதாண்டுக் காலம் உட்கார்ந்து வரவு-செலவுக் கணக்குப் பார்த்த வாழ்க்கை. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகு, நிதிநிலை அறிக்கை, நிலைக்குழு, ஆணையர் என்ற சொற்கள் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் புழங்கத் தொடங்கியுள்ளன. ஊருக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எந்தப் பணத்தை எதற்குச் செலவிடும் உரிமை மன்றத்துக்கு இருக்கிறது என்று கேட்போர் குறைவு. அந்த இரண்டாவது கேள்வியைப் புரிந்துகொள்ள, தியாகராயரின் மாநகராட்சி வாழ்க்கையைப் போல உதவும் பாடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அவர் மாநகராட்சிக்குள் நுழைந்தது 1882-இல். தலைமை ஆளுநர் ரிப்பன் பிரபு, உள்ளாட்சிகளில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கும் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். சென்னையில் வரி செலுத்துவோர் வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. ஆயினும் மன்றத்தின் தலைவர் அரசு நியமிக்கும் அதிகாரி. நிருவாகமும் அவர் கையில். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், வாதிடலாம், செலவைக் குறைக்கச் சொல்லலாம். பெரும்பாலும் அத்தோடு சரி. தியாகராயர் அந்த ஆட்சேப இருக்கையில் சளைக்காமல் அமர்ந்திருந்தார். பிற்காலத்தில் அரசியல் தோழரான டாக்டர் நாயரோடு அவர் முதலில் மோதியதும் இதே மன்றத்தில்தான். இருவரையும் இணைத்துவைக்க நடேச முதலியார் பெருமுயற்சி எடுக்க வேண்டியிருந்தது. நகராட்சிச் சண்டைகள் சிறு விஷயத்தில் தொடங்கி நெடுநாள் நீள்பவை என்பது காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த நாற்பதாண்டுகளில் சென்னை பெரிய செலவுகளைக் கண்டது. ரிப்பன் மாளிகை 1913-இல் திறக்கப்பட்டது. அதற்கான செலவு ஏழரை லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டில் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையம் வந்தது. இவை பொருளியலார் மூலதனச் செலவு என்று வகைப்படுத்துபவை. ஒருமுறை கட்டினால் நிற்கும்; கல்வெட்டு வைக்கலாம்; கடன் வாங்கியும் செய்யலாம். ஆசிரியர் ஊதியம், தெருவிளக்கு எண்ணெய், துப்புரவுப் பணியாளர் கூலி போன்றவை வருவாய்ச் செலவு. ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும், கல்வெட்டுக்கு இடமில்லை. உள்ளாட்சி மன்றங்கள் முதல்வகையை விரும்புவதும் இரண்டாம் வகையைக் கண்டு அஞ்சுவதும் இயல்பு.

1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம் நிலைமையை மாற்றியது. தலைவரை மன்றமே தேர்ந்தெடுக்கலாம் என்றானது. நிருவாகம் ஆணையர் என்ற அதிகாரியிடம் தனியே ஒப்படைக்கப்பட்டது. அதிகாரி அல்லாத முதல் தலைவராகத் தியாகராயர் அமர்ந்தார். நிதிநிலை அறிக்கை உருவாகும் வழியும் அன்றுமுதல் தெளிவாயிற்று. வரவையும் செலவையும் மதிப்பிட்டு ஆணையர் தயாரிப்பார். நிலைக்குழு அதைத் துருவிப் பார்க்கும். மன்றம் கூட்டியோ குறைத்தோ நிறைவேற்றும். மேலே மாகாண அரசு கண்காணிக்கும். பெயர்களும் சட்டங்களும் மாறியிருந்தாலும், காரைக்குடி மன்றத்தின் மேசைக்கு இன்று வரும் புத்தகமும் ஏறக்குறைய இவ்வழியாகவே வருகிறது.

தலைவரான தியாகராயர் 1920-இல் மன்றத்தின் முன் வைத்த ஒரு செலவு மிகச் சிறியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி வழங்குவது. அங்கே படித்தவர்கள் ஏழைப் பிள்ளைகள். வறுமையால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது என்பது அவர் முன்வைத்த காரணம். மன்றம் ஒப்புக்கொண்டது. பள்ளியில் உணவு என்ற கருத்துக்குத் தமிழ்நாட்டின் தொடக்கப் புள்ளியாக அத்தீர்மானம் இன்று கருதப்படுகிறது.

இங்கே செட்டிநாட்டு வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். தியாகராயர் செல்வர், பள்ளி நிறுவியவர், கோயில் திருப்பணிகளுக்கு வாரி வழங்கியவர். ஒரு பள்ளியின் பிள்ளைகளுக்குச் சோறு போட அவருக்கு மன்றத்தின் ஒப்புதல் தேவையே இல்லை. தம் பெயரில் ஓர் அறக்கட்டளை எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் பக்கத்து மரபு அதுதான். ஊருணி வெட்டியவர்கள், சத்திரம் கட்டியவர்கள், பள்ளி வைத்தவர்கள் என ஊருக்கு ஊர் பெயர்கள் உண்டு. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர். அக்கொடையின் மேன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பெயர் தாங்கிய நிறுவனங்களால் இந்த வட்டாரமே எழுந்து நின்றது. ஆனால் கொடைக்கு ஓர் எல்லை உண்டு. கொடுப்பவர் மனம் வைத்த இடத்தில்தான் அது விழும். எந்த வார்டில் வடிகால் இல்லை என்று கொடையாளர் கணக்கெடுக்க வேண்டிய கடமை இல்லை. தெருவில் நிற்பவர் அவரைக் கேட்கவும் முடியாது. வள்ளல்கள் மிகுந்த ஊர்களில் நகராட்சியிடம் உரிமையோடு கேட்டுப் பெறும் பழக்கம் மெலிந்தே வளர்ந்தது என்பது என் நெடுநாளைய கருத்து.

தியாகராயர் தம் பணப்பையைத் திறக்காமல் மன்றத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார். பசித்த பிள்ளையின் சிற்றுண்டியை ஒரு தனியாரின் கருணையாக விடாமல், வரிப்பணத்தின் செலவு இனமாக எழுதவைத்தார். அதில் இருந்த துணிவை இன்று நாம் உணர்வதில்லை.

அதே ஆண்டின் இறுதியில் சட்டமன்றத் தேர்தலில் நீதிக் கட்சி வென்றபோது, முதலமைச்சர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. அவர் ஏற்கவில்லை. கடலூர் ஏ. சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியில் அமர்ந்தார். மாகாணத்தின் உயர்ந்த நாற்காலியைக் கட்சித் தோழருக்கு விட்டுவிட்டு, தெருவிளக்கும் சாக்கடையும் பேசும் மன்றத்தில் தியாகராயர் நிலைத்தார். எளிய வெள்ளை உடையில் வாழ்ந்ததால் வெள்ளுடை வேந்தர் என்று அழைக்கப்பட்டவருக்கு இது பொருத்தமான தேர்வு என்று புகழ்வோர் உண்டு. அத்தேர்வுக்கு ஒரு விலையும் இருந்தது.

சிற்றுண்டித் திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-இல் 1,671-ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல். ஒரு திட்டம் வெற்றி பெற்றதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆனால் பொருளியல் படித்தவனுக்கு இங்கேதான் உள்ளம் பதறுகிறது. ரூபாய்க்குப் பதினாறு அணா. அத்தனை பிள்ளைகளும் உச்சவரம்புச் செலவில் உண்டதாகக் கொண்டால், 811 பேருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் 11 அணா. 1,671 பேருக்கு 104 ரூபாய் 7 அணா. ஆண்டுக்கு 200 பள்ளி நாள்கள் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 21 ஆயிரம் ரூபாய். ரிப்பன் மாளிகையின் செலவை இத்தொகையால் வகுத்துப் பாருங்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குச் சிற்றுண்டி போட்டிருக்கலாம். கட்டடம் வெற்றி பெற்றால் அதன் செலவு கூடாது. சிற்றுண்டி வெற்றி பெற்றால், அந்த வெற்றியே அடுத்த ஆண்டின் செலவாகத் திரும்பி வரும்.

பணம் எங்கிருந்து வந்தது? தொடக்கக் கல்வி நிதியிலிருந்து. உள்ளாட்சிகள் கல்விக்கென வரி விதிக்கவும், அரசு அதற்கு ஈடாகத் தன் பங்கைத் தரவும் 1920-ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் வழிவகுத்தது. பங்கு தருபவர் கணக்குக் கேட்பதும் இயல்பே. அந்த நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிடுவதை அரசு அனுமதிக்கவில்லை. 1925, ஏப்ரல் 1 அன்று, புதிய நிதியாண்டின் முதல் நாளில், திட்டம் நின்றது.

பள்ளிக் கட்டடம் கல்வி, பலகை கல்வி, ஆசிரியர் ஊதியம் கல்வி. அந்தப் பலகையின் முன் பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைத்த சிற்றுண்டி மட்டும் கல்வி ஆகவில்லை. மாணவர் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிய ஒரே செலவு தவறான தலைப்பில் எழுதப்பட்ட செலவாகிப் போனது.

வழக்கமாக இதை ஆங்கில அரசின் கல்நெஞ்சம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மை. இரட்டையாட்சியில் கல்வியும் உள்ளாட்சியும் இந்திய அமைச்சர்களிடம் விடப்பட்ட துறைகள். 1925-இல் அமைச்சரவையில் இருந்தவர்கள் பனகல் அரசரும் அவர்தம் தோழர்களும். அதாவது தியாகராயரின் சொந்தக் கட்சியினர். கட்சி கோட்டையில் இருந்தும், அதை நிறுவியவர் தொடங்கிவைத்த ஓரணாச் செலவு உயிர் பிழைக்கவில்லை. நம் கட்சி ஆட்சிக்கு வந்தால் நம் மன்றத்துக்குக் கை நிறையும் என்று நம்பும் உறுப்பினர்கள் இன்றும் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறார்கள்.

திட்டம் நின்றதைக் கண்டபின், அதே 1925-இல் தியாகராயர் மறைந்தார்.

நூறாண்டுகள் கழித்துக் காரைக்குடிக்கு வருவோம். தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிகள் இன்றும் கணக்கை வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி எனத் தனித்தனியே எழுதுகின்றன. சொத்து வரியில் கல்விக்கான பங்கு கல்வி நிதிக்குப் போகும். ஒன்றுக்கான பணத்தை மற்றொன்றுக்கு எளிதில் திருப்ப முடியாது. பதினைந்தாவது நிதிக்குழு காரைக்குடி போன்ற நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே கட்டப்பட்டது. மாநில, மத்தியத் திட்டங்களின் பணமும் பெரும்பாலும் பெயர் எழுதிய உறையில்தான் வருகிறது. எஞ்சி நிற்பதே மன்றம் தன் விருப்பப்படி முடிவெடுக்கக்கூடிய பணம். சாலையா, பூங்காவா, படிப்பகமா என்று உறுப்பினர்கள் மோதிக்கொள்வதெல்லாம் அந்த எஞ்சிய பகுதிக்காகத்தான். அதைப் பெருக்கும் நேர்வழி சொத்து வரி. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் எங்கள் பெரிய வீடுகளுக்கும் வரி உண்டு. உரிமையாளர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பது வரித்தேதியை மாற்றுவதில்லை. நிதிநிலை அறிக்கையின் மொத்தத் தொகையைக் கேட்டுக் கைதட்டுவதற்கு முன், அதில் கட்டப்படாத தொகை எவ்வளவு என்று ஒருவராவது எழுந்து கேட்கலாம். வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்துவிட்டன. கேட்பதற்கு மன்ற உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை.

தியாகராயரின் திட்டத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறக்கட்டளையாக இருந்திருந்தால், அவரோடு அது மறைந்துபோனாலும் முறையிட வழியிருந்திராது. மன்றத் தீர்மானத்தால் பிறந்தது என்பதால், நின்ற பிறகும் கேட்பதற்கு ஆள் இருந்தது. கேட்பதற்கு இடமும் இருந்தது. முறையீடுகள் எழுந்தன. ஈராண்டுகள் கழித்து, மாற்றிய வடிவில், திட்டம் மீண்டும் தொடங்கியது. ஐந்து பள்ளிகளில் 1,671 பேர் என்று நின்ற கணக்கு, இம்முறை இருபத்தைந்து பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் ஏழைப் பிள்ளைகள் என்று எழுதப்பட்டது. பள்ளிக்குச் சராசரியாக நாற்பது பேர். செட்டிநாட்டரசர் குடும்பத்து முத்தையா செட்டியார் 1933-இல் சென்னையின் முதல் மேயராக அதே ரிப்பன் மாளிகை மன்றத்தில் அமர்ந்தபோது, தியாகராயர் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.