கோமாவில் இருந்தவரை எழுப்பிய முயல்... 22 ஆண்டுக்குப் பிறகு திரும்பிய கார்ட்டூன்: யார் இந்த மெல் பிளாங்க்?

கேரட்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் முயல், திக்கித் திக்கிப் பேசும் பன்றி, எச்சில் தெறிக்கக் கத்தும் கறுப்பு வாத்து, மஞ்சள் குருவி, அதை விடாமல் துரத்தும் பூனை. கேபிள் டிவி காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கூட்டத்தை அறிமுகம் செய்ய வேண்டியதே இல்லை. ஆனால் பக்ஸ் பன்னி, போர்க்கி பிக், டாஃபி டக், ட்வீட்டி, சில்வெஸ்டர் என இத்தனை பேருக்கும் குரல் கொடுத்தது ஒரே ஆள் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் மெல் பிளாங்க். அவர் பேசிய பழைய கார்ட்டூன் தொடர் ஒன்று நின்றுபோய் 22 ஆண்டுகள் கழித்து உயிர் பெற்றபோது, முதுமையிலும் நோயிலும் இருந்த அதே பழைய குரல்களைத் தேடிப் பிடித்து வந்தார்கள். அது எப்படி நடந்தது? அதில் என்ன சிக்கல் வந்தது? பார்ப்போம்.

ஊட்டிக்கு ரயில் வந்த ஆண்டில் பிறந்தவர்

குன்னூர் வரை ஓடிக்கொண்டிருந்த நீலகிரி மலை ரயில், ஊட்டி வரை வந்து சேர்ந்தது 1908-ல். அதே ஆண்டு மே 30-ம் தேதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார் மெல் பிளாங்க். வளர்ந்தது ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லேண்டில். படிப்பு பெரிதாக ஏறவில்லை. பள்ளி வராண்டாவில் விதவிதமாகக் கத்தி எதிரொலி கேட்பதில்தான் அவருக்கு ஆர்வம். குடும்பப் பெயரின் கடைசி எழுத்தை மாற்றியதும் இளம் வயதில்தான். பழைய எழுத்துப்படி அந்தப் பெயருக்கு வெற்றிடம் என்று அர்த்தம் வரும். ஆசிரியர் ஒருவர் அதைச் சொல்லி மட்டம் தட்டியதால் மாற்றிக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் சொல்லி வந்தார்.

1927-ல் போர்ட்லேண்ட் வானொலியில் நுழைந்தார். 1933-ல் எஸ்டெல்லைத் திருமணம் செய்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்தினார்கள். வேறு நடிகர்களை வைக்க நிலையம் காசு தராது. வேறு வழி? கிழவன், குழந்தை, குடிகாரன், நாய் என எல்லாக் குரலையும் மெல்லே பேசினார். கையில் காசில்லாததால் வந்த பழக்கம்தான் பின்னால் அவருடைய தொழிலாகவே ஆனது.

கார்ட்டூன் உலகத்துக்குள் வந்த கதை

1930-களின் நடுவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தவர், லூனி ட்யூன்ஸ் படங்களைத் தயாரித்த ஸ்டூடியோவின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டினார். ஆள் தேவையில்லை என்றே பதில் வந்தது. கடைசியில் 1937-ல், குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காளைக்குப் பேசும் வாய்ப்பு கிடைத்தது.

அடுத்து வந்ததுதான் திருப்பம். போர்க்கி பன்றிக்கு அதுவரை பேசி வந்த ஜோ டாஹர்ட்டிக்கு நிஜமாகவே திக்குவாய். எப்போது திக்கும், எப்போது நிற்கும் என்று அவராலேயே கட்டுப்படுத்த முடியாததால் ஒலிப்பதிவு நேரமும் செலவும் எகிறின. மெல் அந்தத் திக்கலைத் தாளத்தோடு, வேண்டிய இடத்தில் மட்டும் செய்து காட்டினார். வேலை அவருக்கு வந்தது. ஒருவரின் நிஜமான குறையை இன்னொருவர் நடித்துக் காட்டி இடம் பிடித்தார் என்பது இந்தத் தொழிலின் கசப்பான பக்கம். 1940-ல் வெளியான எ வைல்ட் ஹேர் படத்தில் பக்ஸ் பன்னி முழு உருவம் பெற்றது.

கேரட் மெல்லுக்கு ஒத்துக்காது என்றொரு கதை இன்றும் சுற்றுகிறது. அது உண்மையில்லை. கேரட் கடிக்கும் சத்தத்தை வேறு எந்தக் காய்கறியாலும் கொண்டு வர முடியவில்லை. ஆனால் வாயில் கேரட்டை வைத்துக்கொண்டு வசனம் பேச முடியாது. அதனால் கடிப்பார், மெல்லுவார், துப்புவார், பிறகு பேசுவார். அவ்வளவுதான்.

வானொலியில் ஜாக் பென்னி நிகழ்ச்சியில் பழைய மாக்ஸ்வெல் கார் கிளம்பும் சத்தம் வர வேண்டிய நேரத்தில் ஒலித்தட்டு ஓடவில்லை. நேரடி ஒலிபரப்பு வேறு. மெல் சட்டென்று மைக்கைப் பிடித்து, இருமி, தும்மி, திணறி ஒரு காரையே வாயால் ஓட்டிக் காட்டினார். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறுமே நீராவி இன்ஜின், அதைக் கேட்டவர்களுக்கு இந்த வித்தை எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

சம்பளத்துக்குப் பதில் பெயர்

ஒருகட்டத்தில் மெல் சம்பள உயர்வு கேட்டார். தயாரிப்பாளர் மறுத்துவிட்டார். அப்படியானால் திரையில் என் பெயரையாவது போடுங்கள் என்று கேட்டு வாங்கினார். அந்தக் காலத்தில் கார்ட்டூனுக்குப் பேசுபவர்களின் பெயரைத் திரையில் போடும் வழக்கம் கிடையாது. பெயர் வந்த பிறகு வானொலி வாய்ப்புகள் குவிந்தன. ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வேட்டைக்காரர் எல்மருக்குப் பேசிய ஆர்தர் கியூ. பிரையனின் பெயர் திரையில் வரவில்லை. அதனால் எல்லாக் குரலும் மெல்லுடையது என்றே மக்கள் நம்பினார்கள்.

1961 விபத்து

1961 ஜனவரி 24. லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் பொலிவார்டில் ஆபத்தான வளைவு ஒன்றில், எதிரே வந்த கார் மெல்லின் கார் மீது நேருக்கு நேர் மோதியது. கால்கள், இடுப்பு, தலை எல்லாவற்றிலும் பலத்த அடி. கோமா. நாள் கணக்கில் யார் கூப்பிட்டும் அசைவில்லை. மருத்துவர் ஒருவர் கடைசி முயற்சியாக, மெல் என்று அழைக்காமல் பக்ஸ் பன்னியிடம் நலம் விசாரித்தார். படுக்கையில் இருந்து முயலின் குரல் பதில் சொன்னது. பிறகு ட்வீட்டியும் பேசியது.

அப்போது அவர் ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் தொடரில் பார்னிக்குப் பேசி வந்தார். சில எபிசோடுகளில் நண்பர் டாஸ் பட்லர் பார்னியாகப் பேசி இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். பிறகு ஒலிப்பதிவுக் கருவிகளே மெல்லின் வீட்டுக்கு வந்தன. உடம்பு முழுக்க மாவுக்கட்டு, முகத்துக்கு மேலே தொங்கும் மைக், படுக்கையைச் சுற்றி மற்ற நடிகர்கள். திரையில் சிரித்துப் பேசும் பார்னி, நிஜத்தில் திரும்பிப் படுக்கக்கூட முடியாதவர்.

65 என்ற கணக்கு

1962-ல் வந்தது ஜெட்சன்ஸ். பறக்கும் கார், ரோபோ வேலைக்காரி என எதிர்காலக் குடும்பத்தின் கதை. அதில் எரிந்து விழும் குள்ள முதலாளி ஸ்பேஸ்லியின் குரல் மெல்லுடையது. 24 எபிசோடோடு 1963-ல் தொடர் நின்றது. ஆனால் அந்த 24-ஐயே சனிக்கிழமைதோறும் போட்டுப் போட்டு இரண்டு தலைமுறைக் குழந்தைகள் பார்த்துவிட்டார்கள்.

1985-ல் ஏன் திடீரென்று உயிர் கொடுத்தார்கள்? காரணம் வியாபாரக் கணக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒளிபரப்ப உள்ளூர் டிவி நிலையங்களுக்கு விற்க வேண்டுமென்றால், வாரத்துக்கு 5 வீதம் 13 வாரத்துக்கு 65 எபிசோடு தேவை. கையில் இருந்தது 24. மீதி 41. சரியாக 41 எபிசோடுகளைப் புதிதாகத் தயாரித்தது ஹன்னா-பார்பெரா நிறுவனம். 1987-ல் இன்னும் 10 வந்தன.

நம்ம ஊர் டப்பிங்கில் படம் முதலில், குரல் பிறகு. அமெரிக்க கார்ட்டூனில் தலைகீழ். முதலில் குரலைப் பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைவை வரைவார்கள். அதனால் நடிகர்கள் வந்தால்தான் வேலையே தொடங்கும். பழைய குழுவையே திரும்ப அழைத்தார்கள். கதாநாயகன் ஜார்ஜுக்கு ஜார்ஜ் ஓ'ஹான்லன், மனைவி ஜேனுக்குப் பென்னி சிங்கிள்டன், மகள் ஜூடிக்கு ஜேனட் வால்டோ. சின்னப் பையன் எல்ராய்க்குப் பேச வந்த டாஸ் பட்லருக்கு அப்போது 68 வயது. மெல்லுக்கு 77. வரைந்த உருவங்களுக்கு ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. பேச வந்தவர்களுக்கு மட்டும் ஏறியிருந்தது.

முடியாத படம்

அடுத்து ஜெட்சன்ஸ் சினிமா. பட்லர் 1988-லேயே காலமாகிவிட்டார். பக்கவாதத்தால் பார்வை மங்கிப்போன ஓ'ஹான்லனுக்கு வசனத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லிப் பதிவு செய்தார். 1989 பிப்ரவரியில் அவரும் இறந்தார். ஜூலை 10-ம் தேதி, 81 வயதில் மெல் பிளாங்க் மறைந்தார். மிச்சமிருந்த வசனங்களை ஜெஃப் பெர்க்மன் என்ற இளம் கலைஞர் இருவரின் குரலிலும் பேசி முடித்தார். எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்று கண்டுபிடிப்பது சிரமம்.

உயிரோடு இருந்த ஜேனட் வால்டோவுக்கோ வேறு அனுபவம். அவர் பேசி முடித்த பிறகு, விளம்பரத்துக்காக அந்த இடத்தில் பாப் பாடகி டிஃபனியின் குரலைப் போட்டார்கள். 1990 ஜூலையில் வெளியான படம் ஓ'ஹான்லனுக்கும் மெல்லுக்கும் சமர்ப்பிக்கப்பட்டது.

இப்போது பக்ஸ் பன்னிக்கு வேறு வேறு கலைஞர்கள் பேசுகிறார்கள். யார் வந்தாலும் முதல் பரீட்சை ஒன்றுதான்: மெல் மாதிரி இருக்கிறதா? ஹாலிவுட் கல்லறையில் அவர் விரும்பியபடியே, படம் முடியும்போது போர்க்கி பன்றி சொல்லும் விடைபெறும் வரியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெயரைத் திரையில் போடச் சொல்லிக் கேட்டு வாங்கியவர், கல்லறையில் தன் பெயரோடு ஒரு பன்றியின் வசனத்தையும் சேர்த்துக்கொண்டார்.