மலைவழி நடந்த மகாபண்டிதர் இராகுல சாங்கிருத்தியாயனர்

பகவன் புத்தர் தம் முதற் சீடர் அறுபதின்மரையும் பல திசைகளுக்கு அனுப்பிய நாள்தொட்டு, நடைப்பயணம் சங்கத்தின் ஒழுக்கங்களுள் ஒன்றாயிற்று. மழைக்காலத்தில் மூன்று திங்கள் ஓரிடத்தே தங்குதலும், ஏனைத் திங்கள்களில் ஊர்தோறும் நடந்து செல்லுதலும் பிக்குகளின் மரபு. முளைவிடும் பயிரும் சிற்றுயிரும் காலடியில் மிதிபடலாகாது என்பதே அம்மழைக்காலத் தங்கலுக்கு வினய நூல் கூறும் காரணம். நடப்பவன் தன் காலடி எங்கே படுகிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்னும் கருத்து அத்துணைப் பழமையானது.

நம் பெங்களூரிலிருந்து இளைஞர் பலர் ஆண்டுதோறும் இமயமலைப் பக்கம் நெடுநடை சென்று வருகின்றனர். லடாக்கின் கணவாய்களையும் ஸ்பிதியின் மடாலயங்களையும் கண்டு திரும்பும் அவர்களுள் சிலர், அம்மலைகளில் பயணிகள் விட்டுச் செல்லும் குப்பையையும், குறைந்துவரும் நீரையும் கூறி வருந்துகின்றனர். அங்கு வாழும் மக்களுக்குச் சுமையாகாமல் சென்று வருவது எங்ஙனம் என்றும் நம்மை வினவுகின்றனர். இவ்வினாவிற்கு அறிவுரை கூறுவதினும், அவ்வாறு சென்று வந்த ஒருவரது வரலாற்றைக் கூறுதலே தக்கதென நாம் கருதுகிறோம்.

இராகுல சாங்கிருத்தியாயனர் 1893ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தில், பந்தகா என்னும் சிற்றூரில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கேதார்நாத் பாண்டே. பாட்டனார் படைவீரராய்த் தென்னாட்டில் பணிபுரிந்தவர். அவர் கூறிய ஊர்க்கதைகள் சிறுவனது உள்ளத்தில் பயண வேட்கையை எழுப்பின. இளமையிலேயே செய்துவைத்த திருமணமும் அவரை வீட்டில் நிறுத்தவில்லை. வீட்டை விட்டு வெளியேறி, பீகாரில் ஒரு வைணவ மடத்தில் துறவியாகச் சேர்ந்தார்.

1913ஆம் ஆண்டு அவர் தமிழகம் வந்தார். சென்னைக்கு அண்மையிலுள்ள திருமழிசையில் மடமொன்றில் தங்கி வடமொழி நூல்களைக் கற்றார். தமிழும் ஓரளவு பயின்றார். பின்னர் ஆரிய சமாசத்தில் ஈடுபட்டு, 1921ஆம் ஆண்டையொட்டி நம் கருநாடகத்தின் குடகு மலையில் நான்கு திங்கள் தங்கினார். அதன்பின் நாட்டு விடுதலைப் போரில் கலந்து சிறை புகுந்தார். 1926இல் லடாக் சென்று, பனிமலைகளுக்கு இடையே வாழும் பௌத்தத்தை முதன்முறை நேரிற் கண்டார். அடுத்த ஆண்டு இலங்கை சென்று, களனியை அடுத்த வித்யாலங்காரப் பிரிவேனாவில் வடமொழி கற்பித்துக்கொண்டே பாலி மொழியையும் திரிபிடகத்தையும் பயின்றார்.

அங்கிருந்தபொழுது அவர் உள்ளத்தை ஒரு குறை வாட்டிற்று. பௌத்தத் தருக்க நூல்களுள் தலையாயவை திக்நாகரும் தருமகீர்த்தியும் இயற்றியவை. திக்நாகர் காஞ்சியை அடுத்த ஊரிற் பிறந்தவர் என்றும், தருமகீர்த்தி தென்னாட்டவர் என்றும் திபெத்திய வரலாறுகள் கூறும். தென்னாட்டில் தோன்றி நாலந்தாவில் ஒளிவீசிய அவ்வறிஞர்களின் நூல்களிற் பல, இந்தியாவில் மூலமின்றி மறைந்துபோயின. தருமகீர்த்தியின் தலைசிறந்த நூலாகிய பிரமாண வார்த்திகத்தைத் திபெத்தியர் தம் மொழியிற் பெயர்த்து நாள்தோறும் ஓதிவந்தனர். நூல் பிறந்த நாட்டிலோ அறிஞர் கையில் அதன் மூலம் இல்லை. அதனைத் தேடித் திபெத்து செல்வதென இராகுலர் துணிந்தார்.

அந்நாளில் இந்தியர் திபெத்திற்குள் எளிதிற் புக இயலாது. நேபாளத்திற்குள் செல்வதற்கும் தடை இருந்தது. ஆயின் சிவராத்திரி நாட்களில் பசுபதிநாதரை வழிபடச் செல்லும் யாத்திரிகர்க்குத் தடையில்லை. 1929ஆம் ஆண்டு அக்கூட்டத்தோடு கூட்டமாக அவர் காட்மாண்டு சேர்ந்தார். அங்கு மறைந்திருந்து, ஏழை மலைவாசியின் உடை பூண்டு, திபெத்திய யாத்திரிகர்களோடு வடக்கே நடந்தார். வழியில் மங்கோலியப் பிக்கு ஒருவர் துணையானார். அவரைச் சுமதி என்னும் பெயரால் இராகுலர் தம் நூலிற் குறிப்பிடுகிறார்.

அப்பயணத்தின் செலவு மிகச் சிறிது. கூடாரமில்லை, சமையற்காரரில்லை, சுமையாள் கிடைக்காத இடங்களில் மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து, கையில் தடியூன்றி நடந்தார். இரவில் வழியிலுள்ள குடியானவர் இல்லங்களில் தங்கினார். அந்நாட்டில் சாதிப் பிரிவும் தீண்டாமையும் பெண்களுக்குத் திரையும் இல்லாமையைக் கண்டு அவர் வியந்தார். முன்பின் அறியாத வழிப்போக்கன் வீட்டினுள் சென்று தேயிலையைக் கொடுத்தால், வீட்டுப் பெண்டிர் வெண்ணெயும் உப்பும் சேர்த்துத் தேநீர் ஆக்கித் தருவர் என அவர் எழுதியுள்ளார். பயணி தன் தேயிலையைக் கொண்டுசெல்ல, வீட்டார் அடுப்பையும் உழைப்பையும் தருகின்றனர். ஒருவர்க்கும் சுமையில்லாத முறை இது.

பதினாறு, பதினேழாயிரம் அடி உயரமுள்ள தோங்லா கணவாய் கள்வர்க்குப் பேர்போன இடம். மனித நடமாட்டமில்லாத அவ்விடத்தில் ஐயத்திற்குரிய எவரைக் கண்டாலும், இராகுலர் தொப்பியைக் கழற்றி, நாவை நீட்டித் திபெத்திய முறையில் வணங்கிக் காசு கேட்பார். பிச்சைக்காரனிடம் பறிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கள்வர் விட்டுவிடுவர். ஒருநாள் அவர் ஏறிச்சென்ற குதிரை மிக மெதுவாக நடந்தமையால் பின்தங்கி, வழியும் தவறி, நெடுநேரம் கழித்தே தோழரை அடைந்தார். சுமதிக்குச் சினம் மூண்டது. காரணம் கேட்டதும் தணிந்தது.

திங்ரி வெளியை அடுத்த ஷேகர் மடத்தில் கையால் எழுதிய கஞ்சூர்த் தொகுதிகள் நூற்று மூன்று இருந்தன. ஒவ்வொன்றும் பதினைந்து சேர் எடையிருக்கும். இராகுலர் அவற்றினிடையே அமர்ந்துவிட்டார். அண்டை ஊர்களிலுள்ள தம் அன்பரைக் கண்டுவரச் சுமதி விடை கேட்டபொழுது மகிழ்வுடன் விடை கொடுத்தார். முன்பு ஓர் ஊரில் இத்தகைய வேண்டுகோளைத் தடுத்தவரே அவர். நூல் கையில் இருக்கையில் காத்திருத்தல் அவருக்குத் துன்பமாகவில்லை.

அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அவர் லாசா சேர்ந்தார். கைப்பொருள் குறைந்தபொழுது, இலங்கையிலிருந்த ஆனந்த கௌசல்யாயனர் முதலிய நண்பரின் முயற்சியால் நூல் வாங்கப் பொருள் வந்தது. 1930இல் அவர் திரும்பியபொழுது, கஞ்சூர், தஞ்சூர் முதலிய அச்சு நூல்களையும் திரைச்சீலை ஓவியங்களையும் இருபத்திரண்டு கோவேறு கழுதைகள் சுமந்து வந்தன என்பர். பாட்னா அருங்காட்சியகத்தில் அச்செல்வத்தின் பெரும்பகுதி சேர்ந்தது. இலங்கையில் அவர் துவராடை ஏற்று இராகுலர் எனப் பெயர் பெற்றது அவ்வாண்டிலேயே.

ஆயினும் தேடிச்சென்ற மூலம் அப்பயணத்தில் கிட்டவில்லை. மனம் தளராமல், பிரமாண வார்த்திகத்தைத் திபெத்திய மொழிபெயர்ப்பிலிருந்தே வடமொழிக்கு மீட்டெழுதவும் முற்பட்டார். பின்னர் 1934, 1936, 1938 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் திபெத்து சென்றார். திபெத்திய அறிஞர் கெந்துன் சோபெல் இரு பயணங்களில் உடனிருந்தார். ஷாலு, ஙோர், சாக்கியா மடங்களின் பூட்டிய அறைகள் அவர்க்காகத் திறக்கப்பட்டன. பல்லாண்டுத் தூசி படிந்த ஓலைக்கட்டுகளிடையே, பிரமாண வார்த்திகத்தின் மூலமும், பிரஞ்ஞாகரகுப்தர் முதலியோர் அதற்கு எழுதிய உரைகளும் கிடைத்தன. அசங்கரது மரபைச் சார்ந்த யோகாசார பூமியின் ஏடுகளும் வெளிப்பட்டன.

இங்கு அவர் செய்தது நம் சிந்தனைக்கு உரியது. நடு ஆசியாவிலும் சீன எல்லையிலும் அதற்குச் சில பதின்ஆண்டுகள் முன்னர்ச் சென்ற ஐரோப்பிய ஆய்வாளர் சிலர், சிறு தொகை கொடுத்து ஏடுகளை மூட்டை மூட்டையாகத் தம் நாடுகளுக்குக் கொண்டுபோயினர். இராகுலரோ இம்மடங்களின் ஓலைச்சுவடிகளைப் பெரும்பாலும் அங்கேயே வைத்துவிட்டு, கையால் படியெடுத்தும் நிழற்படம் பிடித்தும் வந்தார். குளிரில் விரல் விறைக்கும் இடங்களில் ஆயிரக்கணக்கான வரிகளை எழுதுதல் எளிதன்று. ஓலைக்கட்டு ஒன்றைத் தூக்கிவருதல் அதனினும் எளிது. கடினமான வழியையே அவர் தேர்ந்தார். மூலம் மடத்திலும் படி பாட்னாவிலும் நின்றது. 1938 முதல் பிரமாண வார்த்திகமும் உரைகளும் அச்சேறத் தொடங்கின. 1959ஆம் ஆண்டிற்குப் பின் திபெத்தில் மடங்கள் பல அழிவுற்ற காலத்தில், அப்படிகளின் அருமை உலகிற்கு விளங்கியது.

அவருடைய பிற்கால வாழ்வை நாம் மறைத்தல் கூடாது. 1938ஐ ஒட்டி அவர் துவராடையைத் துறந்து, பொதுவுடைமைக் கொள்கையையும் உழவர் இயக்கத்தையும் தழுவினார், மீண்டும் சிறை சென்றார், இருமுறை லெனின்கிராடு சென்று பணியாற்றினார், இல்லறமும் மேற்கொண்டார். இவற்றுள் சில பௌத்த அன்பர்க்கு உவப்பளிக்கவில்லை. எனினும் புத்தரிடத்தும் அவர்தம் அறிவு நெறியிடத்தும் அவர் கொண்ட மதிப்புக் குறைந்ததில்லை. 1959ஆம் ஆண்டு முதல் சில காலம் அதே வித்யாலங்காரத்தில், அது பல்கலைக்கழகமான பின், மெய்யியற் பேராசிரியராக வீற்றிருந்தார். வால்காவிலிருந்து கங்கை வரை என்னும் அவருடைய நூல் 1949இல் கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பில் தமிழர் கைக்கு வந்தது. நாடோடி வாழ்வின் இலக்கணமாக அவர் எழுதிய நூலும் ஊர்சுற்றிப் புராணம் என்னும் பெயரால் தமிழில் உள்ளது. பல மொழிகளைக் கற்ற அவரை இறுதியாண்டுகளில் மறதிநோய் பற்றிற்று. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இமயமலைப் பகுதியிலுள்ள டார்ஜிலிங்கில் அவர் காலமானார்.

பெங்களூரிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் தொலைவில், குடகின் எல்லையை ஒட்டிப் பைலகுப்பை உள்ளது. 1960-61இல் அங்குத் திபெத்திய அகதிகள் குடியேறினர். பின்னர் லாசாவின் சேரா மடமும் அங்கே மீண்டும் நிறுவப்பெற்றது. அம்மடத்து முற்றத்தில் இளம்பிக்குகள் கைதட்டி வாதிடும் பாடங்களுள் பிரமாண வார்த்திகமும் ஒன்று. தென்னாட்டவர் இயற்றிய நூலெனத் திபெத்தியர் போற்றுவது, அவர் நாவிலேயே ஒலித்துத் தென்னாட்டிற்கு மீண்டிருக்கிறது. அதன் வடமொழி மூலத்தை அச்சிற்குக் கொணர்ந்தவர் ஒருகாலத்தில் அக்குடகிலேயே நான்கு திங்கள் தங்கியவர்.

மலைநடை செல்லவிருக்கும் இளைஞர்க்கு நாம் சொல்வது இதுவே. அடுத்த விடுமுறையில் இமயம் செல்லுமுன் ஒருநாள் பைலகுப்பைக்குச் சென்று அம்முற்றத்தின் ஓரத்தில் அமர்ந்திருங்கள். செல்லவிருக்கும் நாட்டின் மொழியிற் பத்துச் சொற்களேனும் அங்குள்ளோரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு மலையேறும்பொழுது உங்கள் சுமையை நீங்களே சுமக்கும் அளவிற்குக் குறைத்து, கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மடத்திற் காணும் அரும்பொருளைக் கண்ணாலும் எழுத்தாலும் மட்டும் எடுத்துவாருங்கள்.