திசையைக் காத்த நிலப்படம்

சென்னையிலிருந்து அந்தமானுக்கு வரும் கப்பல் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடக்கின்றது. கரையே தெரியாத அப்பரப்பில் மாலுமிக்கு வழிகாட்டுவது கடற்படம். அதனை வரையும் முறையை வகுத்தவர் ஜெரார்டு மெர்காட்டர்.

அவர் 1512ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ரூப்பல்மொண்டே என்னும் ஊரில், காலணி தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். லூவன் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கணிதமும் செப்புத்தகட்டில் படம் பொறிக்கும் கலையும் கற்றுத் தேர்ந்தார். 1541இல் சிறந்ததோர் உலக உருண்டையைச் செய்தார். 1544இல் சமயக் கொள்கையில் மாறுபட்டவர் என்னும் ஐயத்தால் ஏழு திங்கள் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் தம் பணியைத் தொடர்ந்த அவர், 1552இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் குடியேறினார்.

உருண்டையான புவியைத் தட்டையான தாளில் பிழையின்றி வரைதல் இயலாது. பரப்பு, தொலைவு, திசை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை இழந்தே ஆகவேண்டும். கடலில் திசை தவறினால் உயிர் தப்புதல் அரிது. ஆகவே, திசையைக் காக்க மெர்காட்டர் முடிவு செய்தார். புவியைச் சுற்றி உருளையாகச் சுருட்டிய தாளை விரித்தாற்போல, தீர்க்கக்கோடுகளை இணையான நேர்கோடுகளாக வரைந்தார். துருவங்களை நெருங்க நெருங்க, அட்சக்கோடுகளின் இடைவெளியைக் கூட்டினார். இதனால், திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் செல்லும் வழி, படத்தில் நேர்கோடாயிற்று. 18 தாள்கள் கொண்ட அவ்வுலகப்படம் 1569இல் வெளிவந்தது.

இம்முறையில் பரப்பு மாறுபடும். 60 பாகை அட்சக்கோட்டில் நீளம் இருமடங்காகவும் பரப்பு நான்கு மடங்காகவும் தோன்றும். இந்தியாவைவிடச் சிறிய கிரீன்லாந்து, படத்தில் இந்தியாவைவிடப் பெரிதாய்க் காணப்படும். நிலநடுக்கோட்டிற்கு அருகில், 6 முதல் 14 பாகைக்குள் அமைந்த அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் இம்மாறுபாடு மிகக் குறைவு.

மாலுமிகள் இப்படத்தை உடனே ஏற்கவில்லை. மெர்காட்டர் 1594இல் மறைந்தார். 1599இல்தான் எட்வர்டு ரைட் என்னும் ஆங்கிலேயர் அதன் கணக்கை விளக்கி அட்டவணை வெளியிட்டார். தம் படத்தின் முழுப்பயனை மெர்காட்டர் காணவில்லை. எனினும், இன்றும் கப்பல்கள் அவர் காட்டிய நேர்கோட்டைப் பற்றியே கரை சேர்கின்றன.

பயிற்சி
1. மெர்காட்டர் தம் படத்தில் எதனைக் காத்தார்? எதனை இழந்தார்? ஏன்?
2. அந்தமான் தீவுகளின் பரப்பு இப்படத்தில் மிகுதியாக மாறாமைக்குக் காரணம் யாது?