பரீட்சையில் தோற்றவரும் பதின்மூன்று இலக்க எண்ணும்



உங்கள் கையில் 12 ரம்புத்தான் பழம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 பேருக்குப் பங்கு போடலாம். 3, 4, 6, 12 பேருக்கும் மீதியில்லாமல் போடலாம். ஒருத்தரே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாலும் அதுவும் ஒரு கணக்குத்தான்! ஆக 6 வழி. 12க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இத்தனை வழி கிடையாது. அடுத்து 24, 36, 48, 60 என்று, தமக்கு முந்திய எண்களையெல்லாம் இப்படி மிஞ்சுகிற எண்கள் வரும். அவற்றைத் தேடிப் போனவர்தான் கணிதமேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தகப்பனார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். காகிதம் வாங்கக் காசு பத்தாது. சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழிப்பார். முடிவை மட்டும் நோட்டில் எழுதிவைப்பார். கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று, உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கும் தோல்வி. பரீட்சையில் தோற்ற பிள்ளையை நாம் என்ன பாடு படுத்துவோம், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்!

1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நம் தோட்டத்தில் கிராணி என்போமே, அது மாதிரி. மாதம் 30 ரூபாய். மறு வருடம் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை எழுதி அனுப்பினார். 1914 மார்ச்சில் கப்பலேறினார். 1729 என்ற டாக்சி எண்ணின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

1915இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், முதலில் சொன்ன எண்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. கடைசி எண் 6,746,328,388,800. ஏறக்குறைய ஆறே முக்கால் இலட்சம் கோடி! இதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 10,080. ஒவ்வொன்றாக எண்ண வேண்டியதில்லை. 12 என்பது 2 இரு முறை, 3 ஒரு முறை பெருக்கியது. அந்த முறைகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் 3 × 2 = 6. பெரிய எண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. அதே மாதிரி 7 × 5 × 3 × 3, பிறகு ஐந்து 2களால் பெருக்குங்கள். விடை வந்துவிடும்.

பரீட்சையில் தோற்றவருக்கு இந்தக் கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது. ஆனால் கட்டுரை முழுசாக அச்சாகவில்லை. லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை; செலவைக் குறைக்க ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோயோடு 1919இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் சென்னையில் காலமானார். வயது 32தான். விடுபட்ட பகுதி கணித இதழில் வந்தது 1997இல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையாலேயே கணக்கிட்ட அந்தப் பட்டியலில் அவர் ஓர் எண்ணைத் தவறவிட்டுவிட்டார்: 293,318,625,600. மாணவர்களே, பென்சில் எடுத்து அதை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். அவர் பட்டியலின் கடைசி எண்ணே வரும்.