திரைக்குப் பின்னால் படித்த பெண்

இன்று நற்பிட்டிமுனையிலும் கல்முனையிலும் காலை வேளையில் பெண் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையுடன் பாடசாலைக்குப் போவது எவருக்கும் புதினமல்ல. ஆயினும், ஒரு பெண் பிள்ளை கல்லூரி வாசலை மிதிப்பதற்கு மன்னரே தலையிட வேண்டியிருந்த காலமும் உண்டு. கடலுக்கு அப்பால், புதுக்கோட்டையில் அவ்வாறு படித்து முன்னேறியவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அவர் பிறந்தது 1886 ஜூலை 30இல். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் அதிபர். தாயார் சந்திரம்மாள் தேவதாசிக் குலத்தில் வந்தவர். இதை ஊரார் மறக்கவில்லை. மகள் பெரியபிள்ளை ஆனதும், அக்கால வழக்கப்படி பள்ளிக்கூடம் நின்றது. தாயார் கலியாணத்தை எண்ணினார். தந்தையாரோ வீட்டிலேயே பாடஞ் சொல்லிக் கொடுத்தார். மெட்ரிக்குலேஷன் தேறிய மகளைக் கல்லூரியில் சேர்க்க முயன்றபோது, தங்கள் ஆண் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெற்றோர் சிலர் கூக்குரலிட்டனர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் புறந்தள்ளி இடமளித்தார். வகுப்பில் ஒருபுறம் ஆண் மாணவர்கள்; திரைக்குப் பின்னால் தனியே ஒரு பெண்!

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அவர், 1912இல் பதக்கங்களுடன் டாக்டராக வெளிவந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சரிநிகராக மதிக்க வேண்டுமென்பதை நிபந்தனையாக வைத்தார்.

தம் தொழில், தம் குடும்பம் என்று அவர் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையின் முதற்பெண் உறுப்பினராகி, துணைத் தலைவராக ஒருமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். பால்ய விவாகத்துக்கு எதிராகவும், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்துக்கு எதிராகவும் அங்கே குரல் கொடுத்தார். தேவதாசிக் குடும்பங்கள் கோயில் மானிய நிலங்களை அனுபவித்தது ஊழியத்துக்கு ஈடாகவே. ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். ஆகவே அடுத்த தலைமுறைப் பெண்ணும் அதே கட்டில் அகப்பட்டாள். அவரது முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம் அந்நிலங்களை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்தது. வழக்கத்தை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இலேயே நிறைவேறியது. அதுவரை அவர் ஓயவில்லை.

1930இல் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துப் பதவி துறந்தார். அதே ஆண்டில், தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த சில பெண் பிள்ளைகள் அடைக்கலம் தேடி அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். விடுதிகள் அவர்களைச் சேர்க்க மறுத்திருந்தன. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். அன்று தொடங்கியதுதான் ஔவை இல்லம். ஆதரவற்ற சிறுமியர் அங்கே உண்டு, உறங்கி, படித்து, சொந்தக் காலில் நிற்கும் பெண்களாயினர்.

புற்றுநோய்க்குத் தம் சகோதரியைப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருவெடுத்தது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968 ஜூலை 22இல் காலமானார்.

அன்புள்ள பெற்றோரே, நம் நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். கதவு திறந்தே இருக்கிறது. ஆனாலும் தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக, தம்பி தங்கைகளைப் பார்ப்பதற்காகப் படிப்பை விடுகிற மூத்த பெண் பிள்ளைகள் இன்றும் நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மன்னரின் கட்டளை வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் பாடஞ் சொல்லிக் கொடுக்க அயலில் ஓர் அக்கா, அந்தச் சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாமி போதும். முத்துலட்சுமி அம்மையார் தமக்குத் திறந்த கதவை மூடிக்கொண்டு உள்ளே இருந்துவிடவில்லை. நாமும் இருக்கலாமா?