கிறித்தவக் கம்பர் கிருஷ்ண பிள்ளை

நெல்லைச் சீமை தமிழன்னைக்கு ஈந்த புலவர் பலர். அவருள் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பெறுபவர் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை. அவர் 1827ஆம் ஆண்டில் கரையிருப்பு என்னும் சிற்றூரில், வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை இராம காதையில் தோய்ந்தவர். ஆதலின் மைந்தருக்கும் இளமையிலேயே கம்பன் கவியின்பம் வாய்த்தது.

1853இல் சாயர்புரம் கிறித்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியரானார். குலநெறியில் உறுதி பூண்டிருந்த அவர், தொடக்கத்தில் கிறித்தவக் கொள்கையை ஏற்றாரில்லை. இளவல் முத்தையா பிள்ளை அந்நெறி புகுந்தமை அவரை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது.

மாந்தர் செய்த பாவத்தின் தண்டனையைப் பாவமறியா இறைமகனே தம்மேல் ஏற்றுச் சிலுவையில் உயிர்நீத்து, அவர்களை மீட்டார் என்பது கிறித்தவ சமயத்தின் உயிர்நிலைக் கொள்கை. அம்மீட்பு நற்செய்கையால் ஈட்டும் ஊதியமன்று. அருளால் வரும் கொடை. இறைவனைச் சரணடையும் நெறியில் வளர்ந்த கிருஷ்ண பிள்ளையின் உள்ளத்தை இக்கொள்கை கவர்ந்ததில் வியப்பில்லை. 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அக்காலத்தில் சமயம் மாறுவோர் சுற்றத்தையும் குலத்தொடர்பையும் இழக்க நேர்ந்தது. அத்துயரை அறிந்தே அவர் அம்முடிவினை மேற்கொண்டார்.

அவர் புகழை நிலைநாட்டியது 1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம். ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களில் 3,700க்கும் மேற்பட்ட விருத்தப் பாக்களால் இயன்ற பெருங்காப்பியம் அது. பனியன் கதையில், பாவச்சுமை தாங்கிவரும் பயணி சிலுவையைக் கண்டதும் அவன் சுமை தானே கழன்று வீழ்கிறது. ஆசிரியர் அவ்விடத்தைச் சுருக்கமாகவே கூறிச் செல்கிறார். நம் புலவரோ மீட்பின் விலையை உணர்த்தாமல் மேற்செல்ல மனங்கொண்டிலர். மூலத்தில் இல்லாத இரட்சணிய சரிதப் படலத்தை அமைத்து, இயேசு பிரான் கட்டுண்டதும், ஏளனத்தைப் பொறுத்ததும், பகைவர்க்காக இரங்கியதும் உள்ளம் உருகப் பாடினார். பிழை செய்தவன் விடுதலை பெறப் பிழையிலான் படும் பாட்டினைக் கம்பன் வழிவந்த செந்தமிழ் நடை நம் கண்முன் நிறுத்துகிறது.

பின்னர் 1899இல், தேவார மரபினைத் தழுவிய இரட்சணிய மனோகரம் என்னும் துதிநூலையும் அளித்து, 1900ஆம் ஆண்டில் மறைந்தார்.

இப்பெங்களூர் மாநகரில் பல சமயத்தாராய் இருந்தும் தமிழால் ஒன்றுபட்டு வாழும் நாம், அவர் காப்பியத்தை ஒருமுறையேனும் ஓதியுணர்தல் வேண்டும். புதிய சமயம் புகுந்தும் பழந்தமிழ் மரபைக் கைவிடாத அப்பெரியாரின் புகழ் வாழ்க!